மதகும் கடைமடையும்: யுஐ, யுஎக்ஸ் பற்றிக் கேட்டவருக்கு ஒரு பதில்

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம், கணினி அறிவியல் இறுதியாண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். தஞ்சாவூரில் ஒரு பயிற்சி மையம் 'யுஐ/யுஎக்ஸ்' (பயனர் இடைமுகம், பயனர் அனுபவம்) என்று ஒரே பெயரில் மூன்று மாத வகுப்பு நடத்துகிறது. இரண்டும் ஒன்றா வேறா, வேறென்றால் எது பெரியது, சம்பளம் எதில் அதிகம், படம் வரைய வராதவர் இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் படித்தபோது இரண்டு சொற்களுக்குப் பொருள் கேட்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். மறுபடி படித்தபோது, கட்டணத்தைக் கட்டிவிட்டால் உங்கள் கையில் என்ன மிஞ்சும், இந்த இரண்டில் எந்த வேலை உங்களுக்குப் பொருந்தும் என்பதுதான் உங்கள் கவலை என்று பட்டது. அந்தக் கவலைக்கே பதில் எழுதுகிறேன். பொருள் விளக்கம் போகிற வழியில் வந்துவிடும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், என் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நீங்கள் எடைபோட உதவும். 14 ஆண்டுகளாக இதே தொழில். முதல் ஆறு ஆண்டுகள் சென்னையில் திரைகளை மட்டும் வடிவமைத்தேன்: பொத்தான்கள், படிவங்கள், சின்னங்கள், எழுத்தளவு, நிறம். அதன் பிறகு பயனர் அனுபவப் பக்கம் வந்தேன். இப்போது கும்பகோணத்திலிருந்து வேலை செய்கிறேன். வங்கி, மருத்துவமனைப் பதிவு, வேளாண்மை ஆகிய மூன்று துறைகளுக்குத்தான் அதிகம் செய்திருக்கிறேன். விளையாட்டுகளுக்கோ கார்களின் உள்திரைகளுக்கோ நான் வேலை செய்ததே இல்லை. அந்தத் துறைகளைப் பற்றி யாராவது வேறு மாதிரி சொன்னால் அவர்கள் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால் தலைப்பில் நிற்கும் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். ஷட்டரை ஏற்றி இறக்கும் திருகு, அதைச் சுற்றும் கைப்பிடி, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் அளவுக்கோடு, இவையெல்லாம் இடைமுகம். மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரின் ஈரக் கையில் கைப்பிடி வழுக்கக் கூடாது. எந்தப் பக்கம் சுற்றினால் ஏறும் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். கோடுகள் அந்தி வெளிச்சத்திலும் படிக்கும்படி இருக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்வது இடைமுக வடிவமைப்பு, அதாவது யுஐ. இனி அங்கிருந்து பல மைல் தள்ளி, கடைமடையில் நாற்றங்கால் விட்டுவிட்டு வரப்பில் நிற்பவரிடம் வாருங்கள். தண்ணீர் எந்த நாள் வரும் என்று அவருக்கு முன்கூட்டித் தெரிந்ததா? சொன்ன நாளில் வந்ததா? வந்தது நாற்றங்காலுக்குப் போதுமானதாக இருந்ததா? முறை தப்பிப்போனால் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா? அவர் இவ்வளவையும் கடந்து வருவதுதான் அனுபவம், அதை வடிவமைப்பதுதான் யுஎக்ஸ். மதகு துருப்பிடித்து நின்றால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. மதகு புத்தம் புதிதாக இருந்தாலும் நடுவில் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் போகாது.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். டான் நார்மன் என்ற அறிவாற்றல் உளவியலாளர் 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே 'பயனர் அனுபவம்' என்பதைச் சேர்த்துக்கொண்டார். அந்தத் தொடர் அதற்கு முன்பும் அங்கங்கே புழங்கியதுதான். ஆனால் ஒரு வேலையின் பெயராக அது நிலைபெற்றது அவருக்குப் பிறகு. இடைமுகம், பயன்படுத்த எளிமை போன்ற சொற்கள் அவருக்குக் குறுகலாகப் பட்டன. பெட்டியைப் பிரிப்பது, கையேட்டைப் படிப்பது, பழுதானால் உதவி கேட்பது எல்லாம் அடங்கும் ஒரு சொல்லை அவர் தேடினார். பின்னாளில் வந்த ஐஎஸ்ஓ 9241-210 என்ற சர்வதேசத் தரநிலையும் இதையே சொல்கிறது: ஒரு பொருளையோ சேவையையோ பயன்படுத்துவதால், அல்லது பயன்படுத்தப்போகிறோம் என்று எதிர்பார்ப்பதால், ஒருவருக்கு ஏற்படும் உணர்வும் எதிர்வினையும்தான் பயனர் அனுபவம். 'எதிர்பார்ப்பதால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். செயலியைத் திறப்பதற்கு முன்பே அனுபவம் தொடங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் "அதில் பணம் போட்டால் திரும்பி வராது" என்று சொன்ன நிமிடத்தில் அது தொடங்கிவிட்டது.

யுஐ என்பது யுஎக்ஸின் ஒரு பகுதி என்று பலர் சொல்வார்கள், பயிற்சி மையமும் அப்படித்தான் சொல்லும். வரையறையின்படி அது சரி. வேலையில் அப்படிக் கோடு கிழிக்க முடிவதில்லை. ஏடிஎம் இயந்திரத்தைப் பாருங்கள். முன்பு பல இயந்திரங்கள் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு அட்டையைத் திருப்பித் தரும். வந்த காரியம் பணம். அது கைக்கு வந்ததும் மனம் வீட்டுக்குக் கிளம்பிவிடும், அட்டை இயந்திரத்திலேயே நின்றுவிடும். அட்டையை எடுத்த பிறகுதான் பணம் வரும் என்று வரிசையை மாற்றியதும் மறதி குறைந்தது. திரையில் ஒரு நிறமும் மாறவில்லை, ஒரு பொத்தானும் இடம் மாறவில்லை. மாறியது வரிசை மட்டும். இது யுஐயா யுஎக்ஸா? இரண்டுக்கும் நடுவில் 'ஊடாட்ட வடிவமைப்பு' என்று மூன்றாவது பெயர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். எல்லைக்கோடு எங்கே என்பதில் இந்தத் தொழிலின் மூத்தவர்களுக்குள்ளேயே உடன்பாடு கிடையாது, நீங்கள் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் 'யுஐ என்பது அலங்காரம், யுஎக்ஸ் என்பது மூளை' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே வருத்தமாக இருக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிறு தட்டி விழுந்துகொண்டிருந்தன. இறக்கை மடிப்புகளை உள்ளிழுக்க நினைத்த விமானி தவறிப்போய் சக்கரங்களை உள்ளிழுத்துவிடுவார். விமானியின் கவனக்குறைவு என்றே முடிவு கட்டியிருந்தார்கள். அல்ஃபோன்ஸ் சாபனிஸ் என்ற உளவியலாளர் உள்ளே போய்ப் பார்த்தபோது, இரண்டுக்குமான விசைகள் ஒரே மாதிரியாக, அடுத்தடுத்து இருந்தன. சக்கரத்துக்கான பிடியில் சக்கர வடிவத்தையும் மடிப்புக்கான பிடியில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தினார். களைத்த கை இருட்டிலும் தொட்டுத் தெரிந்துகொண்டது. அது முழுக்க முழுக்க இடைமுக வேலை.

நம் மொழியில் இடைமுகம் செய்வதற்குத் தனிப் படிப்பே வேண்டும், அதை எந்த மூன்று மாத வகுப்பும் சொல்லித்தருவதை நான் பார்த்ததில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காது, பாதியில் மூன்று புள்ளி விழுந்துவிடும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் 'கீ'யின் சுழி மேலேயும் 'கூ'வின் வால் கீழேயும் வெட்டுப்படும். பெயருக்கு 12 எழுத்து என்று எல்லை வைத்த ஒரு படிவத்தை ஒருமுறை சோதித்தேன். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரில் நாம் எண்ணினால் எட்டு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'கி' என்பது க, இகரக் குறி என இரண்டு. 'ஷ்' என்பது ஷ, புள்ளி என இரண்டு. அப்படி எண்ணினால் அந்தப் பெயருக்கு 15 ஆகிறது. படிவம் 12இல் நறுக்கி 'கிருஷ்ணமூர்த' என்று சேமித்துக்கொண்டது. பிறகு அந்தப் பெயர் ஆதார் அட்டையோடு பொருந்தவில்லை என்று இன்னொரு மேசையில் அவரைத் திருப்பி அனுப்புவார்கள். எங்கோ ஒரு நிரலாளர் போட்ட ஒரு எண்ணுக்காக, ஒரு மனிதர் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டும்.

குடும்பப் பெயர் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்ட படிவங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நமக்குத் தலைப்பெழுத்துதான், குடும்பப் பெயர் கிடையாது. ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் ஊர்ப் பெயரைப் போடுவார், ஒருவர் புள்ளி வைப்பார். மரியாதையும் அப்படித்தான். பொத்தான் என்பது நாம் கருவிக்கு இடும் கட்டளை, ஆகவே 'அனுப்பு', 'சேமி' என்று ஒருமையில் இருப்பது சரி. அறிவிப்பு என்பது கருவி நம்மிடம் பேசுவது. அங்கே 'உன் பெயரை எழுது' என்று இருந்தால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை வழிப்போக்கர் ஒருமையில் கூப்பிட்டது போலாகிவிடும். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு சொல்லிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, வயல் வெளிச்சம். சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்து அலுவலகத்தின் குளிர்ந்த அறையில் அழகாக இருக்கும், சித்திரை வெயிலில் வரப்பில் நின்று பார்த்தால் வெற்றுத் திரையாகத் தெரியும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டி வகுத்திருக்கிறது. தொடுபொத்தான் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் பரிந்துரை. இவை ரசனையைச் சார்ந்தவை அல்ல, அளந்து பார்க்கக் கூடியவை.

இனி யுஎக்ஸ் பக்கம் வருகிறேன். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்துவிட்டதால் வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நினைத்தார்கள். உண்மையில் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை, வால்வுக்கு மூடச்சொல்லிச் சமிக்ஞை போனதை மட்டுமே காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது, உலையின் மையம் ஓரளவு உருகியது. கட்டளை போய்விட்டது என்பதும் காரியம் நடந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. ஷட்டர் திறந்தாயிற்று என்று தலைப்பில் எழுதி வைப்பதற்கும் கடைமடையில் தண்ணீர் காலை நனைப்பதற்கும் உள்ள தூரம் அது. 'உங்கள் விண்ணப்பம் வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது' என்று பச்சைக் குறியோடு வரும் அறிவிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விளக்கு நினைவுக்கு வருகிறது. அனுப்பியவருக்கு வேண்டியது அந்தச் செய்தி இல்லை. யார் அதைப் பார்ப்பார்கள், எத்தனை நாளில், குறை இருந்தால் எப்படித் தெரியும் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

நானே கற்றுக்கொண்ட இடம் மன்னார்குடி. சில ஆண்டுகளுக்கு முன் நெல் அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு முன்பதிவு செய்யும் செயலி ஒன்றை ஒரு புதிய நிறுவனத்துக்காக வடிவமைத்தோம். ஏக்கர் எத்தனை, எந்தத் தேதி, டயர் வண்டியா பெல்ட் வண்டியா, முன்பணம், முடிந்தது. ஏழு திரைகள். அலுவலகத்தில் யாரிடம் கொடுத்தாலும் ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். மிகுந்த நம்பிக்கையோடு தை மாதச் சம்பா அறுவடைக்கு வெளியிட்டோம். பலர் திறந்தார்கள், முடித்தவர்கள் மிகச் சிலர். பொத்தானை இன்னும் பெரிதாக்கலாமா, பச்சைக்குப் பதில் ஆரஞ்சு வைக்கலாமா என்று சென்னையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் போய் 11 நாள் வயல்வெளியில் திரிந்தேன்.

முதல் நாளே ஒன்று தெரிந்தது. ஏக்கர் என்று கேட்ட இடத்தில் ஒருவர் 5 என்று போட்டிருந்தார். அவருக்கு இருந்தது ஐந்து மா. நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று பேசுகிற ஊரில் ஏக்கரைக் கேட்டிருந்தோம். தஞ்சை மாவட்டத்தில் பிறந்த எனக்கு அது தெரியாததல்ல. திரையின் முன்னால் உட்கார்ந்தபோது தோன்றவில்லை. அடுத்தது தேதி. நாள்காட்டியில் ஒரு தேதியைத் தொடச் சொன்னோம். கதிர் பழுத்ததா என்று பார்த்து, வானத்தைப் பார்த்து, முந்தின நாள் மாலையில்தான் அவர்கள் முடிவெடுக்கிறார்கள். இயந்திரம் தன் வயலுக்கு வர வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர் வயல் அறுபட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் கதிர்மேல் ஏறித்தான் வர வேண்டும். ஆகவே ஒருவர் தனியாக முன்பதிவு செய்வது என்பதே அங்கே பொருளற்றது, பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்துதான் கூப்பிடுவார்கள். மூன்றாவது, கொள்முதல் நிலையம். பொதுவாக 17 சதவீத ஈரப்பதம் வரைதான் நெல்லை எடுப்பார்கள். அங்கே குவியல் தேங்கிக் கிடக்கிறது என்று தெரிந்தால், அறுத்து எங்கே கொட்டுவது என்று இரண்டு நாள் தள்ளிப்போடுவார்கள். எங்கள் ஏழு திரைகளில் கொள்முதல் நிலையம் எங்குமே இல்லை. நான்காவதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. செயலியைத் திறந்தவர்களில் பலர் வயலில் இருக்கவே இல்லை. மகன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருந்து பதிவு செய்கிறான், வண்டி வருகிற செய்தி அவன் தொலைபேசிக்குப் போகிறது, அப்பா வரப்பில் எதுவும் தெரியாமல் நிற்கிறார்.

திரும்பி வந்து ஏழு திரைகளை இரண்டாக்கினோம். மாவில் கேட்டு, பக்கத்தில் ஏக்கரைக் காட்டினோம். தேதிக்குப் பதில், கதிர் பழுத்துவிட்டதா, வயலில் சேறு இருக்கிறதா என்று இரண்டு கேள்வி. இரண்டாவதற்கான பதிலே டயர் வண்டியா பெல்ட் வண்டியா என்பதைச் சொல்லிவிடும். தொலைபேசி எண் இரண்டு: பதிவு செய்பவருடையது ஒன்று, வயலில் நிற்பவருடையது ஒன்று. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அன்று மாலைக்குள் ஒரு மனிதர் கூப்பிட்டு எந்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று சொல்வது. அந்த அழைப்புக்குத் திரையே கிடையாது, என் கணக்கில் அதுதான் அந்தச் செயலியின் சிறந்த பகுதி. அடுத்த பருவத்தில் பதிவுகள் முடிவுவரை போயின. ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. ஊர்த் தரகர் நெல் பணம் வந்த பிறகு வாடகை வாங்கிக்கொள்வார். நிறுவனம் முன்பணம் கேட்டது, அதில் இறங்கி வர மறுத்துவிட்டது. அந்த ஒரு காரணத்துக்காகவே தரகரிடம் திரும்பிப் போனவர்கள் உண்டு, அவர்கள் செய்தது சரி. பணத்தின் விதிகளையும் ஆள் எடுக்கும் விதிகளையும் வடிவமைப்பாளரால் பெரும்பாலும் தொட முடியாது. யுஎக்ஸ் வேலைக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

திரையே இல்லாத நல்ல அனுபவத்துக்கு இன்னொரு சான்று கடைத்தெருவில் இருக்கிறது. கோயில் வாசலில் பூக் கட்டுகிறவரின் இரண்டு கையும் நாரிலும் ஈரப் பூவிலும் இருக்கும். வாங்கியவர் பணம் அனுப்பிவிட்டேன் என்று தன் திரையைக் காட்டினால் அவர் எப்படி நம்புவது? இருபது ரூபாய் வந்தது என்று தமிழில் சத்தமாகச் சொல்லும் அந்தச் சின்ன ஒலிப்பெட்டி வந்த பிறகு அவர் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. அவருடைய கை, கவனம், சந்தேகம் மூன்றையும் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

எல்லாப் பழியையும் வடிவமைப்பின் மேல் போடுவதும் தவறு என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் மக்களின் தொலைபேசிகளுக்கு ஏவுகணை வருகிறது என்று அவசர எச்சரிக்கை போனது. அது பொய் என்ற திருத்தச் செய்தி அவர்களுக்கு வர 38 நிமிடங்கள் ஆயின. ஊழியர் தவறான இணைப்பை அழுத்திவிட்டார், குழப்பமான பட்டியல்தான் காரணம் என்று முதலில் செய்தி பரவியது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அதை உடனே பாடமாக்கிவிட்டோம். பிறகு வந்த விசாரணையில், அது ஒத்திகை என்பது புரியாமல் உண்மையான தாக்குதல் என்று நம்பியே அந்த ஊழியர் அனுப்பினார் என்று தெரிந்தது. தவறாகப் போனால் திரும்பப் பெறுவதற்கான செய்தி தயாராக வைக்கப்படவில்லை என்ற குறை மட்டும் குறையாகவே நின்றது. அன்றிலிருந்து, ஒரு தோல்விக்குத் திரைதான் காரணம் என்று சொல்வதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை விசாரிக்கிறேன்.

எத்தனை பேரைப் பார்த்தால் போதும் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஐந்து பேர் என்று எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். அதன் மூலம் ஜேக்கப் நீல்சனும் டாம் லாண்டாவரும் 1993இல் வெளியிட்ட ஒரு கணக்கு. ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் கண்டால், ஐந்து பேர் சேர்ந்து ஏறத்தாழ 85 சதவீதத்தைக் கண்டுவிடுவார்கள். கணக்கு சரி. அந்த 31 என்பது அவர்கள் ஆராய்ந்த திட்டங்களின் சராசரி. உங்கள் செயலிக்கும் அதுவே பொருந்தும் என்ற உத்தரவாதம் கிடையாது. தஞ்சாவூர்க் கல்லூரி மாணவர் ஐந்து பேரைப் பார்த்துவிட்டு வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளிக்குச் செயலி சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. வெவ்வேறு வாழ்க்கை உள்ளவர்கள் என்றால் ஒவ்வொரு வகைக்கும் ஐந்து பேர் என்பதே என் வழக்கம்.

சம்பளம் எதில் அதிகம் என்றும் கேட்டிருந்தீர்கள். பதவிப் பெயரை வைத்து அதைச் சொல்ல முடியாது. நம் ஊர் நிறுவனங்களில் 'யுஐ/யுஎக்ஸ் வடிவமைப்பாளர்' என்ற ஒரே பெயரில் சிலர் பேனர் வரைகிறார்கள், சிலர் ஆய்வு செய்கிறார்கள், சிலர் நிரலும் எழுதுகிறார்கள். நேர்காணலில் 'கடந்த மாதம் இந்தப் பதவியில் இருப்பவர் என்ன செய்தார்' என்று கேட்டால் விவரம் கிடைத்துவிடும். செயற்கை நுண்ணறிவு இந்த வேலைகளைத் தின்றுவிடுமா என்பதில் என் கருத்து அனுமானம்தான்: வழக்கமான திரைகளை வரைவது மலிவாகும், மன்னார்குடி வரப்பில் நிற்பது மலிவாகாது.

படம் வரைய வராதது தடையே இல்லை. யுஐக்கு வேண்டியது ஓவியக் கையைவிட, ஒரே பக்கத்தில் எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று வரிசைப்படுத்தும் பொறுமையும், இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு உறுத்தும் கண்ணும். யுஎக்ஸுக்கு வேண்டியது, தெரியாத மனிதரிடம் பேசும் கூச்சமின்மை, அவர் தடுமாறும்போது உதவி செய்யாமல் பேசாமல் பார்க்கும் கட்டுப்பாடு, பார்த்ததைத் தெளிவாக எழுதும் தமிழ். இரண்டில் எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் போதும். திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு, பத்துப் பேர் எந்தப் பஸ் எப்போது வரும் என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று கவனியுங்கள். பலகையைப் படிக்கிறார்களா, கடைக்காரரைக் கேட்கிறார்களா, நடத்துநரைக் கேட்கிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவர்களில் ஒருவருக்காக ஒரே ஒரு அறிவிப்புப் பலகையைத் தாளில் வடிவமைத்து, மறுநாள் அதே இடத்தில் வேறு ஐந்து பேரிடம் காட்டுங்கள். கவனித்தது உங்களுக்கு இனித்ததா, பலகையைத் திருத்தித் திருத்தி எழுதியது இனித்ததா என்பதை நேர்மையாக எழுதி வையுங்கள். அதையே உங்கள் முதல் படைப்பாக நேர்காணலுக்கு எடுத்துப் போகலாம்.

பயிற்சி மையத்துக்கு வருகிறேன். திரைகளை வரைய உதவும் ஃபிக்மா போன்ற கருவியை ஆர்வமுள்ளவர் வீட்டிலேயே சில வாரங்களில் பழகிவிடலாம், அதற்கு மட்டும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. சேர்வதற்கு முன் அவர்களிடம் ஒன்றே ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்: முந்தைய மாணவர் ஒருவர் தன் வடிவமைப்பை உண்மையான பயனர் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்து, அவர் தடுமாறியதைக் கண்டு மாற்றிய ஒரு வேலை, மாற்றத்துக்கு முன்னால் இருந்தது, பின்னால் வந்தது, நடுவில் அந்தப் பயனர் சொன்னது. அப்படி ஒன்று அவர்களிடம் இருந்தால் சேருங்கள். அழகான திரைகளின் தொகுப்பை மட்டும் காட்டினால், அந்தப் பணத்தில் ஒரு நல்ல கணினித்திரை வாங்கிக்கொண்டு பேருந்து நிலையப் பயிற்சியைத் தொடங்குங்கள். தாளில் வரைந்ததை இங்கேயே போடுங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.